இடது பக்கம், சூடு

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் நிறுத்திவிட்டேன். இன்றும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. யாரும் என்றால் என் மகள் தைனாரா. என் வீட்டுக்காரர் எதிவால்டோ பேசினார், ஆனால் பழுது பார்க்க வந்த ஒரு ஃப்ரிட்ஜோடு.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? ரயில் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து தாது வண்டிகளின் சக்கரச் சூட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. சுரங்கத்திலிருந்து துறைமுகம்வரை தண்டவாள ஓரமாகக் கண்கள் பதித்திருக்கிறார்கள். வண்டி மேலே ஓடும்போது ஒவ்வொரு பேரிங்கின் சூட்டையும் அவை பார்த்து என் திரைக்கு அனுப்பும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் சூடு எல்லை தாண்டிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும். நடுவில் மஞ்சள், அதை என் புத்திக்கு விட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் என் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. மகள் ஓட்டும் வண்டி வந்தால் மஞ்சளெல்லாம் சிவப்பாகத் தெரிகிறது.

நிறுத்தினால் டிரைவர் இறங்கி நடக்க வேண்டும். வண்டியில் இருப்பதே ஒரு ஆள்தான். முந்நூற்று முப்பது பெட்டி. எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தால் வால் தெரியாது. இன்று தைனாரா நடந்து போய்ப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். புரிட்டி ஊர்ப்பக்கம் இருக்கும் கண்ணுக்குச் சாயங்கால வெயிலில் கொஞ்சம் பித்தம் ஏறும், சூட்டைக் கூட்டிக் காட்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

“எல்லைக்குக் கீழதானம்மா இருந்துது?”

“கொஞ்சம்தான் கீழ.”

“கீழன்னா கீழதான். கொஞ்சம் கீழ, நிறைய கீழன்னு உண்டா?”

அறைக்குள் போய்விட்டாள், அதோடு பேச்சு நின்றது. ஆகஸ்ட் முடியும்வரை அவளுக்குத் தகுதிகாண் காலம். நிறுத்தச் சொல்வது கண்ட்ரோலாக இருந்தாலும் தாமதம் டிரைவர் கணக்கில்தான் ஏறும். தாமதம் கூடினால் திரும்ப யார்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஷண்டிங் எஞ்சினை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க. நாலு வருஷம் அதைத்தான் தள்ளினாள். மெயின் லைனுக்கு வந்த அன்று அவள் அழுததை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் கால்மேல் நானே ஏறி நிற்கிறேனா?


ஜூன் 5, புதன்

காலையில் காபி போட்டு என் கப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சர்க்கரை போடவில்லை. கோபம் பாதி ஆறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.


ஜூன் 9, ஞாயிறு

மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை. எப்போதோ வரும் அதிசயம். புளிச்சகீரையும் உலர்ந்த இறாலும் போட்டுக் குஷா சோறு செய்தேன். மீன் வறுத்தது எதிவால்டோ. அவர் வறுத்தால் எண்ணெய் கூரைவரை போகும், ஆனால் மீன் நன்றாக இருக்கும்.

சாப்பிடும்போது தைனாரா தானாகவே பேசினாள். பேசினாள் என்பதைவிடக் கொட்டினாள்.

“நீங்கெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்து ‘இருநூத்தி முப்பத்தாறு, வலது பக்கம்’னு சொல்லிடறீங்க. கீழ இறங்கி நடக்கிறவளுக்குப் பெட்டியா தெரியுது? ஜோடிதான் தெரியும். ரெண்டு ரெண்டா கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கு. எல்லாரும் ஜோடியாத்தான் எண்ணுவோம். நீங்க சொன்ன நம்பரைப் பாதியாக்கி, அதை மனசுல வெச்சுக்கிட்டு, ஜல்லி மேல நடந்து, நடுவுல யாராவது வாக்கி-டாக்கில கூப்பிட்டா எல்லாம் மறந்து... மண்டை கொதிக்கிற வெயில்ல கணக்குப் பாடம் வேற!”

“மெஷின் பெட்டியாத்தான் எண்ணுது. நான் என்ன பண்ண?”

“மெஷினுக்குப் புத்தி இல்ல, சரி. உனக்குமா?”

எதிவால்டோ முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “ஒருத்தி சூடு பாக்கறா, ஒருத்தி சூடா பேசறா. இந்த வீட்ல குளிர்ச்சிக்கு நான் ஒருத்தன்தான்.”

சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பிலேயே நான் கரண்டியைப் பிடித்தபடி வாக்குக் கொடுத்தேன், எல்லைக்குக் கீழே இருந்தால் அவள் வண்டியை நிறுத்தமாட்டேன் என்று. அவள் எழுந்து வந்து என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள், இறால் வாயோடு. இன்னும் தலை நாறுகிறது. கழுவ மனசில்லை.


ஜூன் 13, வியாழன்

மஞ்சள். அவள் வண்டி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த கண்ணில் பச்சை. பக்கத்து மேசை ஒடைர் கேட்டான்: “என்ன நெய்டி, பாத்ரூம் போகணுமா?”


ஜூன் 23, ஞாயிறு

புனித ஜான் திருநாளுக்கு முந்தின மாலை. எங்கள் தெருக்கூட்டம் பொம்மை மாட்டைச் சுற்றி ஆடும் மாட்டுக் கூத்துக்குத் தயாராகித் தெருமுனையில் தீ மூட்டி, பெரிய கஞ்சிராக்களைச் சுற்றிலும் வைத்துத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். டிரைவர்களில் பாதிப் பேர் அங்கேதான். தைனாரா தலையில் இறகுக் கிரீடம், காலில் மணி. எவ்வளவு அழகு! என் வயிற்றிலா வந்தாள்?

ஜெனிவால் கையில் கஞ்சிராவோடு என்னிடம் வந்தான். மெயின் லைனில் மூத்த டிரைவர், வாய்க்குப் பூட்டு கிடையாது. “நெய்டியம்மா, இதையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. காய்ச்சல் இருந்தா வண்டியை நிறுத்திடலாம்.”

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் தைனாராவும் கேட்டுக்கொண்டு நின்றாள். “அம்மா நெத்தியில கை வெச்ச பொறகுதான் இவ வண்டி நகரும்” என்று ஒருவன் பின்பாட்டுப் பாடினான். அவள் முகம் மாறவில்லை. கால் மணி அதிர ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆடப் போய்விட்டாள்.

லைனில் இதைத் தினமும் கேட்கிறாள் போல. என்னிடம் சொன்னதே இல்லை.


ஜூலை 8, திங்கள்

அதெமார் சார் காபி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். எங்கள் ஷிப்டுக்கு மேலாளர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் வசதியாகத் திட்டியிருப்பேன்.

“லூசினெய்டி, உங்க பொண்ணு ஓட்டறது சுத்தமா இருக்கு. பிரேக் பிடிக்கிற கை நல்ல கை. ஆனா நிறுத்தம் அதிகம். ஆகஸ்ட்ல மேல உக்காந்திருக்கிறவங்க நிறுத்தத்தைத்தான் பாப்பாங்க. யார் நிறுத்தினாங்கன்னு பாக்கமாட்டாங்க.”

“அவளை வேற யாராவது பாக்கட்டுமே சார்?”

“இப்ப ஆளு இல்ல. நீங்க மத்த வண்டியைப் பாக்கிற மாதிரியே அவ வண்டியையும் பாருங்க. அவ்வளவுதான் வேணும்.”

அவ்வளவுதான் வேண்டுமாம்! பெற்றவளிடம் கேட்கிற காரியமா அது? ஆனால் ஒன்று தோன்றியது. என் பயத்துக்கு நான் அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறேன். சக்கரம் சூடாகிறதோ இல்லையோ, நான் சூடாகிறேன். அந்தச் சூட்டை ஆற்ற அவளை வெயிலில் நடக்க விடுகிறேன். இதை எழுதும்போது நன்றாகத் தெரிகிறது. திரை முன்னால் உட்கார்ந்தால் போய்விடுகிறது.


ஜூலை 19, வெள்ளி

இந்த மாதம் ஒருமுறைகூட அவளை நிறுத்தவில்லை. நகமெல்லாம் கடித்தே தீர்ந்துவிட்டன.


ஜூலை 27, சனி

தைனாரா வழியில் வாங்கினேன் என்று ஒரு பை நிறைய ஜுசாரா பழக்கூழ் கொண்டுவந்தாள். அவளும் நானும் மரவள்ளி மாவைப் போட்டுக் குழைத்து, உதடெல்லாம் ஊதாவாகி, வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பேரிங்கில் சூடு பார்க்கக் கை எப்படி வைப்பது என்று எனக்குக் காட்டினாள். உள்ளங்கையால் தொடக்கூடாதாம், கொப்பளம் வந்தால் அப்புறம் கருவி பிடிக்க முடியாது. புறங்கையை மெல்லக் கிட்டே கொண்டுபோக வேண்டும். சூடு தானே வந்து சொல்லும். வெப்பமானித் துப்பாக்கி எல்லாம் அதற்கப்புறம்தான்.

பத்தொன்பது வருஷமாகச் சூடு பார்க்கிறேன், ஒரு பேரிங்கைக்கூடத் தொட்டதில்லை. சொன்னேன். “அதான் பயப்படறே. தொட்டுப் பாத்தா பயம் போயிடும்” என்றாள். இருபத்தெட்டு வயது. எனக்கே சொல்கிறாள்.


ஆகஸ்ட் 7, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மத்தியானம். அவள் வண்டி சரக்கோடு இறங்கி வருகிறது. ஒரு கண்ணில் ஒரு பேரிங் மட்டும் கொஞ்சம் தூக்கலாக. பச்சைதான். அடுத்த கண்ணில் மஞ்சள். அக்கம்பக்கத்துப் பேரிங்குகள் எல்லாம் அப்படியே இருக்க இது மட்டும் ஏறுகிறது. மூன்றாவது கண்ணில் இன்னும் மேலே. எல்லைக்குக் கீழேதான். கொஞ்சம்தான் கீழே. அதற்கு அப்புறம் ஆற்றுப் பாலம், அதையும் தாண்டி வெகுதூரம் போனால்தான் அடுத்த கண். எதிர்ப்பக்கம் பயணிகள் வண்டி வர இருக்கிறது.

வாக்கு? வாக்கு கொடுத்திருக்கிறேனே. ஒடைரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “என் பெத்த கண்ணு கெடக்கட்டும், நீ பாத்துச் சொல்லு.” அவன் பார்த்தான், தாடையைச் சொறிந்தான். “என் வண்டின்னா நிறுத்துவேன்” என்றான். அது போதும் எனக்கு. இது பயம் இல்லை, வேலை.

ஆனாலும் பொத்தானை உடனே அழுத்தவில்லை. இந்த மாதம்தான் கடைசி. இந்த நிறுத்தம் அவள் கணக்கில் ஏறும். வாக்கி-டாக்கி லைனில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஜெனிவால் உட்பட. பாவி, இந்த வெயிலில் இறக்கிவிடப் போகிறேனே...

திரையில் வந்த எண் நூற்று எண்பத்தெட்டு. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஞாபகம் வந்தது. மண்டை கொதிக்கிற வெயிலில் கணக்குப் பாடம் வேற. இதையாவது நான் செய்து கொடுப்போமே என்று பாதியாக்கினேன். ஜோடிக் கணக்கில் தொண்ணூற்று நான்கு.

“கண்ட்ரோல் பேசறேன். வண்டியை நிறுத்துங்க டிரைவர். தொண்ணூத்தி நாலு, இடது பக்கம், சூடு.”

அப்புறம், “புரிஞ்சுது கண்ட்ரோல். தொண்ணூத்தி நாலு, இடது பக்கம். நிறுத்தறேன்.” குரலில் ஒன்றுமில்லை. வாக்கை மீறிவிட்டாய் என்று அந்த ஒன்றுமில்லாத குரலே சொல்லிற்று. லைனில் ஜெனிவால் மெல்லச் செருமினான்.

அவள் நடந்தாள். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து மூச்சிரைக்கக் குரல் வந்தது.

“கண்ட்ரோல், நாப்பத்தேழாவது ஜோடி, இடது பக்கம் பாத்தாச்சு. எல்லாம் ஜில்லுனு இருக்கு. கிளம்பலாமா?”

நாற்பத்தேழு.

நாற்பத்தேழு என்றாளே! நான் பாதியாக்கிக் கொடுத்ததை அவளும் பாதியாக்கிவிட்டாள். பெட்டிக் கணக்கில்தான் சொல்வார்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பத்தொன்பது வருஷமாக நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இன்று ஒரே ஒருநாள் பிள்ளைக்குச் சுமை குறைக்கிறேன் என்று...

“தொண்ணூற்று நாலாவது ஜோடிக்குப் போ, நான் அதைத்தானே சொன்னேன்” என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பதிவில் என் குரல் தொண்ணூற்று நாலு என்றுதான் இருக்கும். அவள்தான் தப்பாக எண்ணினாள் என்று ஆகியிருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது. வந்ததை எழுதி வைக்கிறேன். வந்த வேகத்தில் போய்விட்டது என்பதையும்.

பொத்தானை அழுத்தினேன். “டிரைவர், தப்பு என்னோடது. மெஷின் சொன்னது நூத்தி எண்பத்தெட்டு. உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு நான் பாதியாக்கிச் சொல்லிட்டேன். நீங்களும் பாதியாக்கிட்டீங்க. நீங்க செஞ்சதுதான் முறை. போக வேண்டியது தொண்ணூத்தி நாலாவது ஜோடி.”

இப்போது சிரிப்பு வரும், ஜெனிவால் ஆரம்பிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் குரல்தான் வந்தது. ஆனால் வேறு மாதிரி.

“பொண்ணே, கையில தண்ணி இருக்கா?”

“இருக்கு ஜெனிவால் அண்ணே.”

“அப்ப நிதானமா நட. நாங்க பின்னாடி நிக்கிறோம், ஒண்ணும் அவசரமில்ல.”

அவள் நடந்தாள். மறுபடி அதே தூரம். ஒடைர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். பயணிகள் வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே பிடித்து வைத்தார்கள்.

“கண்ட்ரோல்...” என்று ஆரம்பித்தாள். அப்புறம், “அம்மா, கை கிட்டயே கொண்டுபோக முடியலம்மா. கிரீஸ் உருகிச் சக்கரமெல்லாம் அப்பியிருக்கு. கருகின நாத்தம். அய்யோ, இது பாலத்து மேல போயிருந்தா...”

அம்மா என்று லைனில் அவள் சொன்னதே இல்லை. அவளுக்கு நான் கண்ட்ரோல், எனக்கு அவள் டிரைவர், அது எங்களுக்குள் ஒரு சட்டம். நானும் சட்டத்தை மீறிச் சொன்னேன், “தள்ளி நில்லு கண்ணு. ஆளுங்க ரோடு வழியா வந்துட்டு இருக்காங்க.” கம்பெனிப் பதிவில் ‘கண்ணு’ என்று நான் சொன்னது என்றைக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊர்ந்து ஊர்ந்து வந்து அந்த ஜோடியைப் பக்கத்து லூப் லைனில் கழற்றிப் போட்டார்கள். லைன் முழுக்க வண்டிகள் நின்று மத்தியானமே போய்விட்டது.

இப்போது அவள் சமையலறையில் உப்புத் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எதிவால்டோ ஐஸ் கட்டிகளைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள், வியர்வையும் கிரீஸுமாக. பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஒரு சத்தியம் பண்ணு. இனிமே எனக்கு உதவி மட்டும் பண்ணவே கூடாது!”


ஆகஸ்ட் 8, வியாழன்

அவளுக்குக் கால் கொப்பளம். எனக்குத் தூக்கம் இல்லை. நிறுத்தியது சரி. எண் தப்பு. இரண்டும் நான்தான். இதை எந்தப் பக்கம் வைத்து நிறுப்பார்கள்?


ஆகஸ்ட் 12, திங்கள்

விசாரணை என்றார்கள். அதெமார் சார், மேலிடத்திலிருந்து ஒரு அம்மா, நாங்கள் இருவர். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் குரல் எனக்கே வேறு யாரோ போலக் கேட்டது. ‘கண்ணு’ வந்தபோது மேலிடத்து அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

நான் சொன்னேன், “தப்பு என்னோடது. முறை மாத்தினது நான். தாமதம் அவ கணக்குல ஏறக்கூடாது.”

தைனாரா உடனே, “இல்ல. போய் நின்னதும் பெட்டியில எழுதியிருக்கிற நம்பரைப் படிச்சுச் சொல்லியிருக்கணும். படிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். நான் படிக்கல. அம்மா மேல கோவமா இருந்தேன், சீக்கிரம் முடிச்சிட்டு ஏறலாம்னு இருந்தேன்.”

“அவளுக்கு அந்த வெயில்ல...”

“நீ சும்மா இரும்மா, நான்தான் பேசறேன்ல.”

அதெமார் சார் மேசையில் தட்டினார். “எல்லா வீட்லயும் பாத்திரம் கழுவ மாட்டேன்னு சண்டை போடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் நான்தான் கழுவுவேன்னு சண்டை போடறீங்க. கொஞ்சம் வாயை மூடறீங்களா?”

மூடினோம். அவர் என்னைப் பார்த்துப் பேசினார், மெதுவாக. நிறுத்தியது சரியான நிறுத்தம், வேறு யாராவது இருந்திருந்தால் எல்லைக்குக் கீழே என்று விட்டிருப்பார்கள். ஆனால் எண்ணை மாற்றியது கண்ட்ரோல் இல்லை, அம்மா. அம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது எங்கள் தப்பு. தாமதம் கண்ட்ரோல் கணக்கில் ஏறும். நான் மேல் பாதி லைனுக்குப் போக வேண்டும், சுரங்கத்துப் பக்கம். தைனாரா ஓட்டுவது கீழ்ப் பாதி. அவள் வண்டி இனிமேல் என் திரைக்கு வராது.

மேலிடத்து அம்மா கேட்டார், “சம்மதமா?”

சம்மதம் என்றேன். தைனாரா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை சொரசொரவென்று இருக்கிறது. எப்போது அப்படி ஆயிற்று?


ஆகஸ்ட் 20, செவ்வாய்

புதிய மேசை. அறையின் அந்தக் கோடி. புதிய கண்கள், ஒவ்வொன்றின் குணமும் பழக வேண்டும். ஒன்று மழைக்குப் பயப்படும் என்றார்கள். என்னைப் போலத்தான்.

காலையிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் அவள் பெயரைத் தேடினேன். வராது என்று தெரிந்தே தேடினேன். மத்தியானம் ஒடைர் காபிக்குப் போகிறவன், நேர்வழி இருக்க இந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, “சுகம். எல்லாம் பச்சை” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடவுளே, அவன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.


ஆகஸ்ட் 22, வியாழன்

சுகம்.


ஆகஸ்ட் 23, வெள்ளி

ஒடைர் லீவு. காபியே இறங்கவில்லை.


ஆகஸ்ட் 30, வெள்ளி

உறுதி பண்ணிவிட்டார்கள்! மெயின் லைன் டிரைவர், நிரந்தரம். போன் பண்ணிச் சொன்னாள், முதல் இரண்டு நிமிஷம் அழுகை மட்டும்தான் கேட்டது, எனக்கு உயிரே போய்விட்டது. எதிவால்டோ இளஞ்சிவப்பு குவாரனா சோடா ஒரு பெட்டி வாங்கி வந்து, அவர் சீர் பண்ணிய பழைய ஃப்ரிட்ஜில் வைத்தார். உறைந்துபோய் எல்லாம் கட்டி. உடைத்து உடைத்துச் சாப்பிட்டோம்.

மாலையில் ஜெனிவாலும் இன்னும் நாலு டிரைவர்களும் வந்தார்கள். அவளுக்குப் பரிசாக ஒரு தொப்பி. முன்னால் வெள்ளைப் பெயின்டில் 47, பின்னால் 94. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு சுற்று நடந்தாள், ராணி மாதிரி.

ஜெனிவால் போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னான்: “நெய்டியம்மா, அன்னிக்கு நீங்க லைன்ல ஒத்துக்கிட்டீங்க பாருங்க... இப்ப கண்ட்ரோல் நிறுத்துன்னா ஒருத்தனும் முணுமுணுக்கறதில்ல.” வேறு ஏதோ கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.


செப்டம்பர் 8, ஞாயிறு

காரணம் இல்லாமல் லெவல் கிராஸிங் பக்கம் நடக்கப் போனேன். காரணம் இல்லாமலா? அவள் வண்டி அந்தப் பக்கம் வரும் நேரம் அது. எஞ்சின் போகும்போது அவள் பார்த்துவிட்டாள். ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினாள், பக்கத்துக் கோழியெல்லாம் பறந்தது. நான் அங்கேயே நின்று கடைசிப் பெட்டிவரை ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். எல்லாம் சுகம். வால் போன பிறகு யாருமில்லாத தண்டவாளத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.


செப்டம்பர் 17, செவ்வாய்

படுக்கையில் எழுதுகிறேன். கையெழுத்துக் கோணல்.

காலையில் எழுந்ததும் உடம்பு வலி. கொஞ்சம்தான். இரண்டு மாத்திரை போட்டுச் சீருடை மாட்டிக்கொண்டு பையை எடுத்தேன். தைனாரா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தாள். தலையில் அந்தத் தொப்பி, முகமெல்லாம் தாதுத் தூசி. வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?”

“ஒண்ணுமில்ல. வழியை விடு, பஸ் போயிடும்.”

வழியை விடவில்லை. கிட்டே வந்தாள். புறங்கையை மெதுவாக என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள், தொடாமல், கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தி. பிறகு நெற்றியின் இடது பக்கம் வைத்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. அப்படியே சாய்ந்துவிடலாம் போல.

“டிரைவர் பேசறேன் கண்ட்ரோல்,” என்றாள், லைனில் பேசுகிற அதே குரலில். “பெட்டி ஒண்ணு. பாதியாக்க வேண்டாம். இடது பக்கம், சூடு. வண்டியை நிறுத்துங்க.”

வெப்பமானியை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். நீட்டிக் காட்டினேன். “பாரு, முப்பத்தேழு எட்டு. முப்பத்தெட்டு கூட இல்ல. எல்லைக்குக் கீழதான் இருக்கு.”

“கொஞ்சம்தான் கீழ.”

என் தோளிலிருந்து பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். குனிந்து என் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். நான் காலை நீட்டிக் கொடுத்தேன்.

இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுகிறாள். “ஒடைர் அண்ணே, அம்மா இன்னிக்கு வரமாட்டாங்க. நான்தான் நிறுத்திட்டேன்.” எதிவால்டோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கிறது.